படத்தில் தொண்டை இல்லை

ஆண்டியப்பனின் தோலில் எங்குமே தீ படவில்லை. அன்றைக்கு அவர் பட்ட பாடெல்லாம் அதனால்தான்.

ஊசிமலைத் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில், கொழுந்து காயவைக்கும் அடுப்புக்கு விறகு தள்ளுவது அவர் வேலை. காலை எட்டரை மணிக்கு விறகறை தீப்பிடித்தது. தீயணைக்கும் சிவப்பு உருளை அந்த விறகறைக்குள்தான் இருந்தது. திருட்டுப் போய்விடக் கூடாது என்று அதைச் சங்கிலி போட்டுப் பூட்டியிருந்தார்கள். சாவி ஆபீசில் இருந்தது. சாவி வருமுன் ஆண்டியப்பன் நனைத்த சாக்குகளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, கோடரியுடன் உள்ளே போனார். ஜன்னலே இல்லாத அறை. சங்கிலியை வெட்டி உருளையைத் தூக்கிக்கொண்டு அவர் வெளியே வர ஐந்து நிமிடம் ஆனது. சாக்கு உடம்பைக் காப்பாற்றியது. அந்த ஐந்து நிமிடமும் அவர் இழுத்த மூச்சை எந்தச் சாக்கும் காப்பாற்றவில்லை.

தீ அணைந்தது. ஸ்டோர் வாசலில் 'விபத்தில்லாத நாட்கள்: 411' என்ற பலகை புகை படாமல் அப்படியே நின்றது.

மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஜீவராணி கூடையைப் போட்டுவிட்டு, தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்கு ஓடிவந்தாள். புருசன் அவர்கள் குடியிருந்த காம்பராவின் வாசல்படியில் உட்கார்ந்திருந்தார்.

"எங்கங்க சுட்டுச்சு?"

"எங்கயும் இல்ல புள்ள." குரல் கரகரத்தது. "தொண்டைதான் ஒரு மாதிரியா இருக்கு."

முகம் முழுக்கக் கரி. மூக்கின் இரண்டு துவாரங்களிலும் புகைக்கூண்டைப் போல அடைகரி. மீசை பொசுங்கிச் சுருண்டு, தொட்டால் உதிர்ந்தது.

"டிஸ்பென்சரிக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன்க்கா," என்றாள் ஜீவராணி.

பக்கத்துக் காம்பராக் காளியாயி இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஆண்டியப்பனை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்படியேவா?"

"ஏங்க்கா?"

"டிஸ்பென்சரிப் பலகையில என்னா எழுதியிருக்கு? 'சுத்தமாக வருபவருக்கே சிகிச்சை.' சேத்துக் காலோட போனதுக்கு என் மகள அந்த ஐயா வெளியவே நிக்க வச்சாரு. அங்கேருந்து டவுனுக்கு வேற அனுப்புவாங்க. கரி மூஞ்சியும் கருகின மீசையுமாப் போயி நின்னா, தோட்டக்காட்டான்னு ஒரு பார்வை பார்ப்பாங்க பாரு. அதுக்கு நெருப்புலயே நின்னுக்கிடலாம்."

அது ஜீவராணிக்கு நியாயமாகப் பட்டது. வெந்நீர் வைத்தாள். சவர்க்காரம் போட்டு முகத்தைத் தேய்த்தாள். பழைய துண்டின் முனையைத் திரி போல முறுக்கி மூக்குத் துவாரங்களைத் துடைத்தாள். மீசையை என்ன சீவியும் அது சரிப்படவில்லை. பிளேடால் மழித்தாள். இருபது வருசத்து மீசை. நடுவில் அவர் இருமி இருமித் துப்பினார். அதையும் அந்தத் துண்டிலேயே வாங்கினாள். தார் மாதிரி வந்தது. பிறகு வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாரம், நெற்றியில் திருநீறு.

"இப்பப் பாரு, கோயிலுக்குப் போற ஆளு மாதிரி இருக்காரு," என்றாள் காளியாயி.

ஆண்டியப்பனுக்கு என்ன நடந்தது என்பதற்கு இருந்த சாட்சியெல்லாம் அரைமணி நேரத்தில் சவர்க்கார நுரையோடு வாசல் சாக்கடைக் கானில் ஓடிவிட்டது. துண்டு மட்டும் மிஞ்சியது. வழியில் மறுபடியும் துப்புவார் என்று அதைச் சுருட்டி, வெட்கத்தோடு பைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கும் இராமையா ஐயாவின் மேசைமேல் எரிகாயப் படிவம் இருந்தது. அதில் இரண்டு ஆள் படங்கள், ஒன்று முன்பக்கம், மற்றது பின்பக்கம். எரிந்த இடத்தைச் சிவப்புப் பென்சிலால் தீட்டிக் கூட்டினால் நூற்றுக்கு எத்தனை வீதம் என்று வரும். பென்சில் மேசையோடு சங்கிலியால் கட்டப்பட்டிருந்தது.

"சட்டையைக் கழட்டு. திரும்பு. கையத் தூக்கு." ஐயா கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். "எங்கப்பா எரிஞ்சிருக்கு?"

"உள்ளங்க."

"உள்ளன்னா? சாரத்துக்குள்ளயா?"

"தொண்டைக்குள்ளங்க," என்றாள் ஜீவராணி.

"தொண்டைக்குள்ள தீ எப்படிம்மா போவும்? அள்ளிக் குடிச்சானா?"

"புகைங்க ஐயா. கொதிக்கிற புகை. அஞ்சு நிமிசம் உள்ள நின்னாரு."

"புகைன்னா மூஞ்சியில கரி இருக்கணும். இவன் மாப்பிள்ளை மாதிரி வந்து நிக்கிறான்." ஐயா படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், பென்சிலைக் கீழே வைத்தார். பேனா எடுத்து எழுதினார்: மொத்தம், பூச்சியம் வீதம்.

"ஐயா, அம்புலன்சு..."

"அஞ்சு வீதத்துக்கு மேலதாம்மா அம்புலன்சு. பூச்சியத்தை ஏத்திக்கிட்டுப் போனா வண்டி வெறுமனே போச்சுன்னு கேப்பாங்க. சத்தம் போட்டிருப்பான், தொண்டை கட்டிருச்சு. உப்புத் தண்ணியில கொப்பளிக்கச் சொல்லு."

"அவரு சத்தமே போடலைங்க."

ஐயாவுக்கு மனம் புண்பட்டுவிட்டது.

"இந்தாம்மா. இருபத்தாறு வருசமா இந்த மேசையில உக்காந்திருக்கேன். ஒரு காயத்துக்காவது நான் தப்பா வீதம் போட்டேன்னு யாராச்சும் சொல்லட்டும். ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்தக் கொதிதண்ணிக் கேஸு. நான் முப்பத்தெட்டுன்னு போட்டேன். பெரியாஸ்பத்திரியிலயும் முப்பத்தெட்டு. செத்த பொறகு பாத்தாங்க, அப்பவும் முப்பத்தெட்டு! ஆளு வரும், போவும். வீதம் நிக்கணும்."

அந்த நேரத்தில்தான் ஜீவராணி அதைக் கேட்டாள். ஆண்டியப்பன் மூச்சை உள்ளே இழுக்கும்போது ஒரு மெல்லிய சீழ்க்கை. லயத்துக் கூரைத் தகரத்தில் ஆணி கழன்ற இடத்தில் காற்று நுழைகிற சத்தம் போல. வெளியே விடும்போது இல்லை, இழுக்கும்போது மட்டும். படிவத்தைப் பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டு, ரோட்டுக்கு வந்து, லயத்துப் பையன் திலக்ஷனின் த்ரீவீல் ஆட்டோவை நிறுத்தினாள்.

வளைவுகளில் வண்டி இறங்கியது. திலக்ஷன் கண்ணாடியில் பின்னால் பார்த்தான்.

"அண்ணே விசிலடிக்கிறாராக்கா?"

"இல்லப்பா. அது மூச்சு."

அதற்குப் பிறகு அவன் வண்டியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டான். எந்த வளைவுக்கும் வேகத்தைக் குறைக்கவுமில்லை. ஆண்டியப்பன் தண்ணீர் கேட்டார்; கொடுத்ததை விழுங்க முடியாமல் சட்டையெல்லாம் வடித்தார். ஜீவராணி அவர் முதுகைத் தடவிக்கொண்டு சீழ்க்கைகளை எண்ணினாள். எண்ணுவதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும் என்று பயந்தாள்.

டவுன் ஆஸ்பத்திரியில் தீக்காயக்காரர்கள் நேரே டொக்டரிடம் போக முடியாது. முதலில் எரிகாய மதிப்பீட்டுப் பணிமனைக்குப் போகவேண்டும். அங்கே சுவரில் 'பிழையற்ற படிவங்களுக்கான தங்க விருது' கண்ணாடிச் சட்டத்துக்குள் மின்னியது. அதற்குக் கீழே பொறுப்பதிகாரி குகநேசன் உட்கார்ந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மரியாதையானவர். யாரையும் உட்காரச் சொல்லாமல் திருப்பி அனுப்பமாட்டார். மேசையில் ஒரு சுடுதண்ணிப் போத்தல்; அதிலிருந்து கோப்பையில் ஊற்றிய, பால் கலக்காத பிளேன்டீயில் ஆவி பறந்தது.

"வாங்கோ, இருங்கோ. படிவத்தைத் தாங்கோ." படித்தார். "பூச்சியம் வீதம். அப்ப ஏன் வந்தனீங்கள்?"

"மூச்சு விட முடியலைங்க."

"அது எங்கட பகுதி இல்லை, தங்கச்சி. காது மூக்கு தொண்டை. அந்தா, எதிர்ப்பக்கம்."

எதிர்ப்பக்கத்துக் கவுண்டர்ப் பெண் நிமிராமலே கேட்டாள். "என்ன நடந்தது?"

"விறகறையில தீப்பிடிச்சு..."

"தீயா? தீயெல்லாம் அந்தப் பக்கம்."

"தொண்டைங்க..."

"தொண்டைதான். ஆனா எரிஞ்ச தொண்டை. எரிஞ்சது எதுவானாலும் அந்தப் பக்கம்தான்."

இரண்டு கவுண்டருக்கும் நடுவில் பன்னிரண்டு காலடித் தூரம். முதல் தடவை ஆண்டியப்பன் பன்னிரண்டு எட்டில் கடந்தார். மூன்றாம் தடவை இருபத்து மூன்று ஆனது. இடையில் இரண்டு தரம் சுவரைப் பிடித்துக்கொண்டார். கழுத்தெலும்புக்கு மேலே இருந்த குழி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வந்தது. வரிசையில் நின்றவர்கள் சீழ்க்கை கேட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

குகநேசன் இரங்கினார். ரத்தத்தில் ஒட்சிசன் அளவு காட்டும், விரலில் மாட்டும் சின்னக் கருவி ஒன்றை எடுத்து ஆண்டியப்பனுக்கு மாட்டினார்.

"பாருங்கோ, தொண்ணூற்றெட்டு! எனக்கே தொண்ணூற்றாறுதான். உங்கட மனுசன் என்னைவிடச் சுகமா இருக்கிறார்."

"மூச்சு இழுக்க முடியலைங்களே!"

"கருவி பொய் சொல்லாது. சரி, ஒரு வாக்குமூலம் எடுப்பம். அவர் தன்ர வாயால சொல்லவேணும். பேர்?"

ஆண்டியப்பன் வாயைத் திறந்தார். காற்று வந்தது.

"ஆண்டியப்பன்ங்க," என்றாள் ஜீவராணி.

"நீங்கள் சொல்லக்கூடாது. 'நோயாளி தெளிவான குரலில் கூறியதாவது' எண்டு அச்சடிச்சிருக்கு. குரல் இல்லாமல் நான் கீழ எழுதினால் மேல உள்ளது பொய்யாப் போயிடும். இன்னொருக்கால் சொல்லச் சொல்லுங்கோ. சத்தமா."

அவர் மூன்று தடவை முயன்றார். மூன்றாம் தடவை சீழ்க்கை நடுவில் அறுந்து, மறுபடி ஒட்டியது. ஜீவராணி மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, கையெடுத்துக் கும்பிடுறேன். டொக்டரைக் காட்டுங்க."

குகநேசன் உண்மையாகவே வருந்தினார்.

"தங்கச்சி, நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. எனக்கும் பிள்ளை குட்டி இருக்குது. ஒரு வீதம் இருந்தால் போதும், இப்பவே 'அவசரம்' எண்டு முத்திரை குத்தி உள்ளுக்கு எடுத்திடுவன். அவரின்ர ஒரு உள்ளங்கை அளவு தோல், அவ்வளவுதான் ஒரு வீதம். ஒண்டுமே இல்லாட்டில் நான் எதைச் சிவப்பாக்கிறது? சொல்லுங்கோ."

படிவத்தை அவள் பக்கம் திருப்பிக் காட்டினார். ஜீவராணி முதல் தடவையாக அந்தப் படத்தை நன்றாகப் பார்த்தாள்.

"இந்த ஆளுக்கு மூக்கே இல்லீங்களே?"

"மூக்கு தேவையில்லை. தலை முழுக்க ஒன்பது வீதம். வெளியால மட்டும்."

"வாயி?"

"வாய்க்கும் இல்லை."

"அப்ப இவரு மூச்சு எது வழியா வுடுறாரு?"

"இது படம், தங்கச்சி. படம் மூச்சு விடாது."

ஜீவராணி புருசனைப் பார்த்தாள். அவர் உதடு நாவற்பழம் தின்றவர் மாதிரி ஆகிக்கொண்டிருந்தது. மேசையைப் பார்த்தாள். சுடுதண்ணிப் போத்தல் கையெட்டும் தூரத்தில் இருந்தது.

"மன்னிச்சிருங்க," என்றாள் புருசனிடம். அவர் வலது கையைப் பிடித்து மேசைமேல் வைத்து, போத்தல் மூடியைத் திருகி, மணிக்கட்டில் ஊற்றினாள்.

ஆண்டியப்பன் அலற வாயைத் திறந்தார். அலறல் வரவில்லை. சீழ்க்கை மட்டும் ஒரு கட்டை மேலே ஏறியது.

"இப்ப எத்தனை வீதம்ங்க?"

குகநேசன் எழுந்து நின்றார். மணிக்கட்டைப் பார்த்தார். ஆண்டியப்பனின் மறு உள்ளங்கையை விரித்துச் சிவந்த இடத்துக்கு மேல் வைத்து அளந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக நிம்மதி தெரிந்தது.

"ஒரு வீதம்," என்றார். "வடிவான ஒரு வீதம்."

இங்கேயும் சங்கிலியில் கட்டியிருந்த சிவப்புப் பென்சில் இறங்கியது. முத்திரை விழுந்தது. மணி அடித்தது. எங்கிருந்தோ சக்கர நாற்காலி வந்தது. பூட்டியிருந்த கதவுகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. இரண்டு தாதிமார் ஓடிவந்து மணிக்கட்டைக் குழாயடியில் பிடித்தார்கள். இருபது நிமிடம் ஓடும் தண்ணீர், இது விதி. மிக நல்ல விதிதான். நிமிடங்களைச் சரியாகக் கடிகாரம் பார்த்து எண்ணினார்கள். பிறகு கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். அவர் திமிறி எழுந்து முன்னால் குனிந்தார். மறுபடி படுக்க வைத்தார்கள், மறுபடியும் எழுந்தார்.

"படுத்தா மூச்சு வரலைங்க! வுடுங்க அவர! உக்காரட்டும்!"

"அம்மா, கத்தாதீங்க. கைக்கு மருந்து போடவேண்டாமா?" என்று அதட்டிய ஒரு தாதி அட்டையில் எழுதினாள்: நோயாளி ஒத்துழைக்கவில்லை.

ஒரு வீதத்துக்குக் கட்டுப் போடுவதைப் பார்வையிட டொக்டர் நிரூபா வந்தார். அவர் அறைக்குள் வருமுன்பே அவருடைய குரல் வந்தது.

"ஆர் இப்பிடி மூச்சு இழுக்கிறது?"

"மணிக்கட்டுக் கேஸ், டொக்டர்."

"மணிக்கட்டு இப்பிடிச் சத்தம் போடாது." ஆண்டியப்பனை நிமிர்த்தி உட்காரவைத்தார். "என்ன நடந்ததம்மா? கெதியாச் சொல்லுங்கோ."

"காலையில ஸ்டோர் விறகறையில தீங்க. உள்ள அஞ்சு நிமிசம் நின்னாரு."

"எத்தனை மணிக்கு?"

"எட்டரைக்குங்க."

டொக்டர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றேகால்.

"முகத்தில ஒண்டையும் காணேல்லை. மீசை எப்பவும் இப்பிடித்தானா?"

ஜீவராணி பையை இறுக்கிப் பிடித்தாள். "நான்தாங்க... கருகியிருந்துச்சு. சுத்தமாக் கூட்டியாரணும்னு..."

"மூக்குக்குள்ள கரி இருந்ததா? சளி கறுப்பா வந்ததா?"

ஜீவராணி பைக்கு அடியில் கையை விட்டு, சுருட்டிய துண்டை எடுத்து, திட்டு வாங்கத் தலையைக் குனிந்துகொண்டு நீட்டினாள். டொக்டர் அதை விரித்தார். நடுவில் தார் போலக் கறுப்பு, பொசுங்கிய மயிர்த் துணுக்குகளோடு காய்ந்திருந்தது.

"இதை ஏன் முதலே காட்டேல்லை?"

"அழுக்குங்க..."

டொக்டர் ஏற்கெனவே வாய்க்குள் வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்தார். "உள்ளுக்கு வெந்து வீங்கிப்போய்க் கிடக்குது. இன்னும் கொஞ்ச நேரத்தில வழி முழுக்க மூடிடும். மயக்க மருந்து டொக்டரைக் கூப்பிடுங்கோ, ஓடுங்கோ! ஒட்சிசனைக் கொண்டுவாங்கோ! இப்பவே குழாய் போடவேணும்."

வாசலில் குகநேசன் நின்றார். "டொக்டர், பதிவில வலது மணிக்கட்டு எண்டுதான்... நான் கருவி போட்டுப் பார்த்தனான், தொண்ணூற்றெட்டு..."

"புகையில இருக்கிற நச்சுக் காத்து ரத்தத்தில ஏறினால் அந்தக் கருவி ஏமாந்துபோகும். நல்ல காத்துக்கும் கெட்ட காத்துக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"தொண்டைக் குழாய்க்கு வேற படிவம் இருக்குது, அதில முதல்..."

"அண்ணை, விலகுங்கோ."

கட்டில் உருண்டு போனது. கதவு சாத்திக்கொண்டது. ஜீவராணி கதவில் காதை வைத்தாள். சீழ்க்கை கேட்டது. ஆட்கள் பேசுவது கேட்டது. இரும்பு இரும்பில் படுவது கேட்டது. சீழ்க்கை மெலிந்தது, நூலானது, பின் நின்றுவிட்டது.

காலையிலிருந்து எந்தச் சத்தத்துக்கு அவள் பயந்தாளோ, அந்தச் சத்தத்தை இப்போது எல்லாச் சாமியிடமும் கேட்டாள். ஒரே ஒரு சீழ்க்கை. கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லை. எதிர்க் கவுண்டர்ப் பெண் யாரையோ "அந்தப் பக்கம்" என்று அனுப்புவது மட்டும் தூரத்தில் கேட்டது.

கதவு திறந்தது.

"குழாய் போட்டாச்சு," என்றார் டொக்டர் நிரூபா. நெற்றி வியர்த்திருந்தது. "ஊசிமுனை அளவுதான் வழி இருந்தது."

"சத்தம் நின்னுருச்சுங்களே!"

"நிண்டதுதான் நல்லம். காத்து இப்ப குழாயால போகுது. வந்து நெஞ்சைப் பாருங்கோ."

நெஞ்சு ஏறியது. இறங்கியது. அது மறுபடி ஏறும்வரை ஜீவராணி தன் மூச்சை விடவில்லை.

குழாய் ஏழு நாள் இருந்தது. இரண்டாம் நாள் குகநேசன் வாக்குமூலம் வாங்க வந்தார். தொண்டையில் குழாயோடு தூங்கிக்கொண்டிருந்தவரிடம் பேரைக் கேட்டார். பதில் இல்லாததால், 'பேச மறுத்தார்' என்று குறித்துக்கொண்டார்.

வீக்கம் வடிந்து, குழாய் எடுத்து, வீட்டுக்குப் போகிற நாளில், பணிமனை மேசையில் குகநேசன் படிவத்தையும் அதோடு இணைத்த விடுவிப்புச் சீட்டையும் நீட்டினார். ஜீவராணி எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'காயம்: வலது மணிக்கட்டு, ஒரு வீதம். காரணம்: தேநீர். ஏற்படுத்தியவர்: மனைவி.'

"ஸ்டோர்ல தீப்பிடிச்சதுங்க!"

"அது பதிவில இல்லை. தோட்டத்திலயும் கேட்டு எழுதினனாங்கள். அண்டைக்கு அங்க விபத்து ஒண்டும் நடக்கேல்லையாம். பலகையில இருக்காம்."

"அப்ப ஏழு நாளு குழாய் எதுக்குங்க போட்டாங்க?"

"அதைத்தான் கணக்காய்வில என்னட்டைக் கேப்பினம்," என்றார் குகநேசன் கவலையோடு. "ஒரு வீத மணிக்கட்டுக்கு ஏழு நாள் குழாய். என்ர தங்க விருதை நினைச்சுப் பார்த்தீங்களே? இதில அவர் கையெழுத்துப் போட்டாச் சரி."

ஆண்டியப்பன் குனிந்து பார்த்தார். சங்கிலி குலுங்கச் சிவப்புப் பென்சிலை எடுத்தார். கையெழுத்துப் போடவில்லை. முகமில்லாத அந்த ஆளுக்கு ஒரு மூக்கு வரைந்தார். மூக்கில் இரண்டு துவாரம். ஒரு வாய். வாயிலிருந்து கழுத்து வழியாக நெஞ்சுவரை ஒரு கோடு, கீழே இரண்டாகப் பிரித்தார். பிறகு, விறகு தள்ளும் கையால் பொறுமையாக, அந்தக் கோடு முழுவதையும் சிவப்பாக்கினார்.

"இங்கங்க," என்றார். ஏழு நாளைக்குப் பிறகு வந்த குரல், சருகு உரசுகிற மாதிரி இருந்தது. "இங்கதான் எரிஞ்சுச்சு."

குகநேசன் படிவத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"அரச படிவத்தில கிறுக்கக்கூடாது, தம்பி," என்றார்.

இந்தச் சம்பவத்தை நிர்வாகம் மிகவும் கவனத்தில் எடுத்தது. மறுநாளே பணிமனையில் இரண்டு சீர்திருத்தங்கள் நடந்தன. பென்சில் சங்கிலியை நோயாளிகளின் கைக்கு எட்டாதபடி அரை அடி குறைத்தார்கள். சுடுதண்ணிப் போத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். ஊசிமலை ஸ்டோரில் புதுச் சிவப்பு உருளை வந்தது. அதைப் புதுச் சங்கிலியால் விறகறைக்குள் கட்டினார்கள். வாசல் பலகை 420 காட்டியது.

ஆண்டியப்பன் வாசல்படியில் உட்கார்ந்து மெல்ல மூச்சு இழுத்தார், விட்டார். இழுக்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்த ஜீவராணியின் கை ஒரு கணம் நின்றது. மீசை எள்ளளவு முளைத்திருந்தது. உடுப்புக் கொடியின் ஓரத்தில் அந்தத் துண்டு, கறுப்பு அப்படியே, விறைத்துத் தொங்கியது.

"ஏண்டி, இதை இன்னுமா துவைக்காம வச்சிருக்கே?" காளியாயி மூக்கைப் பொத்திக்கொண்டாள். "குடு, நான் சவர்க்காரம் போட்டுத் தாரேன்."

ஜீவராணி ஓடிவந்து துண்டைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"வுடுக்கா. கழுவினது போதும்."